பெயர் யார் கையில்? டொமைனும் ஹோஸ்டிங்கும் – ஒரு சிறு வரலாறு

1985 செப்டம்பர் 15 அன்று மதுரையில் இருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது. அடுத்த பன்னிரண்டு வருடத்துக்குள் அந்த மாவட்டத்துக்கு எத்தனை பெயர்கள்! அண்ணா, காயிதே மில்லத், மன்னர் திருமலை என்று ஒன்று மாற்றி ஒன்று ஒட்டிக்கொண்டே இருந்தது. 1997இல் மாவட்டப் பெயர்களில் இருந்து தலைவர்கள் பெயரைத் தமிழக அரசு எடுத்துவிட்டது. பழையபடி வெறும் திண்டுக்கல். இத்தனைக்கும் நடுவில் மலைக்கோட்டை இருந்த இடத்தில்தான் இருந்தது. 624001 என்ற பின்கோடும் அதேதான். பெயர் மாறும், இடம் மாறாது. ஊர்களின் வழக்கம் இது.

இணையத்தில் இது தலைகீழ். அங்கே இடம் மாறிக்கொண்டே இருக்கும். பெயர்தான் நிலைத்து நிற்க வேண்டும். புதிதாக வெப்சைட் ஆரம்பிக்க நினைப்பவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். "டொமைன் வாங்கியாச்சு, அப்புறம் ஹோஸ்டிங்னு தனியா எதுக்குக் காசு கேக்குறாங்க?" என்று கேட்காதவர்கள் குறைவு. பதில் எளிமையானது: டொமைன் என்பது பெயர், ஹோஸ்டிங் என்பது இடம். இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக வந்தவை. அந்த வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொண்டால், காசு கட்டும்போது எதில் உஷாராக இருக்க வேண்டும் என்பது தானாகப் புரியும்.

ஒரே ஒரு பட்டியல்

1970களில் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த கணினிகள் சில நூறுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் முகவரி உண்டு. எண்ணை யார் மனப்பாடம் செய்வது? அதனால் எந்தப் பெயருக்கு எந்த எண் என்று ஒரே ஒரு பட்டியல் இருந்தது. அதைக் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு பராமரித்தது. புதுக் கணினி ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் பட்டியலில் ஏற்றுவார்கள். மற்ற எல்லாரும் அந்தப் பட்டியலை அவ்வப்போது இறக்கிக்கொள்வார்கள்.

கணினிகள் பெருகப் பெருக ஒரே பட்டியல் தாங்கவில்லை. 1983 நவம்பரில் பால் மோக்கபெட்ரிஸ் ஒரு மாற்று ஏற்பாட்டை வெளியிட்டார். அதுதான் டி.என்.எஸ். எல்லாப் பெயரையும் ஒரே இடத்தில் வைக்காமல், கிளை கிளையாகப் பிரித்து ஒவ்வொரு கிளையையும் ஒவ்வொருவர் பொறுப்பில் விடுவது அதன் அடிப்படை.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். திண்டுக்கல்லுக்கும் சின்னாளபட்டிக்கும் பக்கத்தில் இருக்கும் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தின் இணைய முகவரி 'ரூரல்யூனிவ் டாட் ஏ.சி. டாட் இன்'. இதை நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். கணினி படிப்பது வலமிருந்து இடமாக. முதலில் உச்சியில் இருக்கும் மூல சர்வரிடம் 'இன்' யார் பொறுப்பு என்று கேட்கும். அது நிக்சி என்ற அமைப்பைக் கை காட்டும். அடுத்து 'ஏ.சி. டாட் இன்', அதாவது கல்வி நிறுவனங்களுக்கான கிளை. அது எர்நெட் இந்தியாவின் பொறுப்பு. அங்கே போய் 'ரூரல்யூனிவ்' எங்கே என்று கேட்டால்தான் கடைசியில் சர்வரின் எண் கிடைக்கும். தபால் முகவரியையும் இப்படித்தானே பிரிக்கிறார்கள்? கடைசி வரியில் இருக்கும் ஊரையும் பின்கோடையும் முதலில் பார்த்துவிட்டு, தெருவையும் கதவு எண்ணையும் கடைசியில்.

இதில் கவனிக்க வேண்டியது, பல்கலைக்கழகம் நாளைக்கே தன் சர்வரைத் தூக்கி வேறு ஊரில் வைத்தாலும் கடைசிப் பதிலில் இருக்கும் எண்ணை மாற்றினால் போதும். மாணவர்கள் அடிக்கும் முகவரி மாறாது. டி.என்.எஸ். செய்த பெரிய காரியமே பெயரை இடத்தில் இருந்து அவிழ்த்துவிட்டதுதான்.

இலவசம் போய் வாடகை வந்தது

1985 மார்ச் 15 அன்று பதிவான சிம்பாலிக்ஸ் டாட் காம்தான் முதல் டாட் காம் பெயர். அடுத்த பத்து வருடம் பெயர் பதிய காசு கிடையாது. அமெரிக்க அரசு அந்தச் செலவைப் பார்த்துக்கொண்டது. 1995 செப்டம்பரில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு வருடத்துக்கு 100 டாலர் என்று கட்டணம் போட்டது. டொமைன் என்பது வருட வாடகைக்குக் கிடைக்கும் பொருளானது அன்றிலிருந்துதான்.

"டொமைன் வாங்கினேன்" என்று நாம் சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் யாரும் டொமைனை வாங்குவதில்லை. 1 வருடத்துக்கோ, அதிகபட்சம் 10 வருடத்துக்கோ பதிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். வாடகை நின்றால் பெயரும் போச்சு.

இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பைக் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, அதாவது கட்டணம் வருவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு. நமக்கென்று 'டாட் இன்' 1989இலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் விதிகள் கெடுபிடியாக இருந்தன. 1992 முதல் 2004 வரை பன்னிரண்டு வருடத்தில் மொத்தம் சுமார் 7,000 பெயர்கள்தான் பதிவாகின. இந்திய நிறுவனங்களே டாட் காம் பக்கம் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 2005 ஜனவரியில் பொறுப்பு நிக்சியின் கைக்கு வந்தது. பிப்ரவரியில் கதவு எல்லாருக்கும் திறந்தது. இன்றைக்குத் திண்டுக்கல்லில் ஒரு சின்னக் கடைக்காரர் பத்து நிமிடத்தில் டாட் இன் பெயர் எடுக்க முடிகிறது என்றால், அதற்கு இந்த 2005 மாற்றம்தான் காரணம்.

ஒரே வீட்டில் பல போர்ஷன்

இனி இடத்தின் கதை. ஹோஸ்டிங் என்பது இருபத்து நாலு மணி நேரமும் மின்சாரமும் இணைப்பும் உள்ள ஒரு கணினியில் நம் கோப்புகளை வைக்க இடம் பிடிப்பது. ஆரம்பத்தில் இது செலவான வேலை. ஒரு வெப்சைட்டுக்கு ஒரு எண் முகவரி தனியாக வேண்டியிருந்தது. ஏனென்றால் பிரவுசர் சர்வரின் வாசலுக்கு வந்து "இந்தப் பக்கத்தைக் கொடு" என்று மட்டும்தான் கேட்கும். எந்த வெப்சைட்டின் பக்கம் என்று சொல்லாது.

1997இல் எச்.டி.டி.பி. 1.1 என்ற புது விதி வந்தபோது ஒரு சின்ன வரியைச் சேர்த்தார்கள். பிரவுசர் தான் தேடி வந்த பெயரையும் சொல்ல வேண்டும் என்பதுதான் அது. ஒரே வாசல், உள்ளே பல போர்ஷன்கள் உள்ள வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் கதவு எண் மட்டும் இருந்தால் யாருக்கு என்று தெரியாது. பெயரும் இருந்தால் சரியான போர்ஷனுக்குப் போய்விடும். இந்த ஒரு வரியால் ஒரே சர்வரில், ஒரே எண்ணில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகளைக் குடிவைக்க முடிந்தது. 'ஷேர்டு ஹோஸ்டிங்' என்று இன்று மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது இந்தப் போர்ஷன் வீடுதான். பக்கத்து போர்ஷனில் கல்யாணம் என்றால் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் குறையும். அதுபோல பக்கத்து வெப்சைட்டுக்குக் கூட்டம் வந்தால் நம்முடையது மெதுவாகும். வேண்டாம் என்றால் தனி வீடு பார்க்கலாம், வாடகைதான் கூடும்.

அடுத்தவர் இடத்தில் தமிழ்

தமிழ் இணையத்துக்கு வந்த கதையை இந்த இரண்டு சொற்களையும் மனதில் வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றிய ஒரு திட்டத்தில் தமிழும் இருந்தது. அதன் தமிழ்ப் பகுதிக்கு உழைத்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. தமிழ் எழுத்துகளோடு வந்த முதல் இணையப் பக்கமாக அது சொல்லப்படுகிறது. 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்து கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்து குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்தினார்கள். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருவது திட்டத்தின் நோக்கம். வரிசையில் முதல் எண் திருக்குறளுக்கு.

மதுரைத் திட்டத்துக்கு ஆரம்பத்தில் சொந்த முகவரி இல்லை. ஆஸ்திரேலியாவில் இருந்து நடந்த தமிழ் டாட் நெட்டின் ஒரு மூலையிலும், வர்ஜீனியா பல்கலைக்கழகம் ஒன்றின் சர்வரிலும் அதன் பக்கங்கள் இருந்தன. பிறகுதான் 'புராஜெக்ட்மதுரை டாட் ஆர்க்' என்ற சொந்தப் பெயருக்கு வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பிரதி. முன்பக்கக் குறிப்பை எடுக்காமல் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்ற அனுமதி. கடைசியில் சொந்தப் பெயர். இந்த மூன்றும் இருந்ததால் எழுத்துரு முறை மாறி யூனிகோடு வந்தபோதும் அந்த நூல்கள் கைவிட்டுப் போகவில்லை.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. அதே காலத்தில் ஜியோசிட்டீஸ் என்ற நிறுவனம் இலவசமாக இடம் கொடுத்தது. இடமும் அவர்களுடையது, பெயரும் அவர்களுடையது. காசு கொடுத்து டொமைன் எடுக்க முடியாதவர்கள் உலகம் முழுக்க அங்கே குடியேறினார்கள். தமிழில் எழுதியவர்களும் அதில் உண்டு. 1999இல் அதை யாஹூ வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடிவிட்டது. ஆர்வலர்கள் சிலர் கடைசி நேரத்தில் அள்ளிச் சேமித்தது போக மிச்சம் எல்லாம் காணாமல் போனது. சேமிக்கப்பட்டவையும் பழைய முகவரியில் இல்லை. மற்ற பக்கங்களில் இருந்து அவற்றுக்குக் கொடுத்திருந்த சுட்டிகள் அத்தனையும் செத்தன. சொந்தப் பெயர் இருந்திருந்தால் கோப்புகளை வேறு சர்வருக்கு மாற்றி, எண்ணை மாற்றிவிட்டு, பழையபடி தொடர்ந்திருக்கலாம்.

கூகுளே கோட்டை விட்ட பெயர்

"அதெல்லாம் அந்தக் காலம், பெரிய கம்பெனி என்றால் பயமில்லை" என்று நினைக்கலாம். 2003இல் பிளாகரை வாங்கிய கூகுள், 2012இல் நாட்டுக்கு நாடு முகவரியைப் பிரித்தது. 'பிளாக்ஸ்பாட் டாட் காம்' என்று அடித்தாலும் இந்தியாவில் இருப்பவர்களை 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்ற முகவரிக்குத் தானாகக் கொண்டு போனது. தமிழ் வலைப்பதிவுகள் செழித்திருந்த காலம் அது. பதிவுகளைப் பகிர்ந்தவர்கள், மேற்கோள் காட்டியவர்கள், புத்தகக்குறி வைத்தவர்கள் எல்லாரும் திரையில் தெரிந்த 'டாட் இன்' முகவரியைத்தான் எடுத்தார்கள். 2018இல் கூகுள் அந்தத் திருப்பி அனுப்பும் முறையைக் கைவிட்டது. 2020இல் 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்ற பெயர் கூகுளின் கையை விட்டுப் போய், வேறு ஒருவர் பெயரில் பதிவானது.

பதிவுகள் அழியவில்லை. முகவரியில் 'இன்' என்பதை 'காம்' என்று மாற்றி அடித்தால் இன்றும் திறக்கும். ஆனால் அது தெரியாமல் பழைய சுட்டியைச் சொடுக்குகிறவருக்கு அந்தப் பதிவு இல்லாத பதிவுதான். ஆய்வுக்காகப் பழைய வலைப்பதிவுகளைத் தேடுகிறவர்கள் இந்தத் தந்திரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். எனக்கு இது பல முறை கை கொடுத்திருக்கிறது. இங்கே இடம் பத்திரமாக இருந்தது, பெயர் போனது. ஜியோசிட்டீஸில் இரண்டும் போயின.

யாருக்குப் பெயர் சொந்தம்?

திண்டுக்கல்காரர்களுக்குப் பெயர்ச் சண்டை புதிதல்ல. 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல், அவர் தலையில் கட்டிய தலைப்பாகையால் 'தலப்பாக்கட்டி' ஆனது. அந்தப் பெயருக்காகச் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த பூட்டைத் 'திண்டுக்கல் பூட்டு' என்று சொல்லி விற்க முடியாது.

டொமைன் உலகத்தில் நடைமுறை வேறு. யார் முதலில் வருகிறாரோ அவருக்கே பெயர். ரிஜிஸ்ட்ரார் கம்பெனி "உங்களுக்கு இந்தப் பெயரில் கடை இருக்கிறதா?" என்று கேட்பதில்லை. புவிசார் குறியீடு வாங்கிவிட்டதால் அதே பெயரில் டொமைன் தானாக வந்துவிடாது. அப்படியானால் முந்திக்கொண்டவரை ஒன்றும் செய்ய முடியாதா? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் பதில் கிடைத்தது ஒரு சென்னை நிறுவனத்தின் வழக்கில்.

சத்யம் இன்ஃபோவே என்ற நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து 'சிஃபி' என்ற சொல்லை உண்டாக்கி, 1999 முதல் அந்தச் சொல்லோடு பல டொமைன்களைப் பதிந்தது. 2001 முதல் 'சிஃபிநெட்' என்று ஒலிக்கும், ஒரு எழுத்து மட்டும் கூடுதலான பெயரில் வேறு ஒரு நிறுவனம் இயங்கியது. பெங்களூரு நகர சிவில் நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தடையைக் கொடுத்தது. டொமைன் வெறும் முகவரி அல்ல, வணிகப் பெயரின் தன்மையும் அதற்கு உண்டு, எனவே வணிகச் சின்னத்துக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் கிடைக்கும் என்பது தீர்ப்பின் சாரம். அடுத்த வருடம் டாட் இன் பெயர்களுக்கென்றே தகராறு தீர்க்கும் முறையும் வந்தது.

ஆனாலும் வழக்கு என்பது கடைசி வழி. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு நீதிமன்றப் படி ஏறுவது யாருக்கு லாபம்?

பெயரைத் தமிழிலேயே பதியவும் இப்போது வழி உண்டு. 'டாட் இலங்கை', 'டாட் சிங்கப்பூர்', 'டாட் இந்தியா' மூன்றும் தமிழ் எழுத்திலேயே 2010–11 காலத்தில் மூலப் பட்டியலில் ஏறின. இந்தப் பன்மொழி டொமைன் முயற்சியின் முன்னோடி டான் டின் வீ. சிங்கப்பூரின் அந்த 1995 கவிதைத் திட்டத்திலும் அவர் இருந்தார்.

பூட்டுக்கடைக்கு ஒரு வெப்சைட்

இனி நடைமுறைக்கு வருவோம். திண்டுக்கல்லில் ஒருவர் தன் பூட்டுப் பட்டறைக்கு வெப்சைட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தெரிந்த பையன் ஒருவரிடம் மொத்தமாகப் பணம் கொடுத்து "எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ தம்பி" என்று சொல்லிவிடுகிறார். தம்பியும் நல்லவர்தான். தன் ஈமெயிலில், தன் போன் நம்பரில் டொமைனைப் பதிகிறார். மூன்று வருடம் கழித்து அவர் வேலைக்கு வெளிநாடு போய்விடுகிறார். புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அவருடைய பழைய பெட்டிக்குப் போகிறது. யாரும் பார்க்கவில்லை.

டாட் காம் பெயர் என்றால், தேதி முடிந்த பிறகு கம்பெனியைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க அவகாசம் கிடைக்கலாம். அது தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம். கட்டணம் பல மடங்கு. கடைசி 5 நாளில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. அதன் பிறகு பெயர் சந்தைக்கு வந்துவிடும். விசிட்டிங் கார்டிலும் பூட்டு டப்பாவிலும் அச்சடித்த முகவரியில் நாளைக்கு யாருடைய கடை வேண்டுமானாலும் இருக்கலாம். அந்தப் பெயரில் ஈமெயில் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போகும். வாடிக்கையாளர் அனுப்பும் ஆர்டர் மெயில் புதுச் சொந்தக்காரருக்குப் போகும்.

இதைத் தவிர்க்க பெரிய தொழில்நுட்ப அறிவு வேண்டாம். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் போனில் பதிவாகட்டும். வெப்சைட் வடிவமைப்பவருக்கு ஹோஸ்டிங்கின் பாஸ்வேர்டு கொடுத்தால் போதும். டொமைனின் பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும். முடிந்தால் டொமைனை ஒரு கம்பெனியிலும் ஹோஸ்டிங்கை வேறு கம்பெனியிலும் வையுங்கள்; ஒன்றோடு தகராறு வந்தால் மற்றது மாட்டிக்கொள்ளாது. முதல் வருடம் 99 ரூபாய் என்று விளம்பரம் வந்தால் இரண்டாம் வருடக் கட்டணம் என்ன என்று கேளுங்கள். டொமைன் கணக்கில் 'லாக்' என்று ஒரு வசதி இருக்கும். அதைப் போட்டு வைத்தால் உங்கள் அனுமதி இல்லாமல் பெயரை வேறு கம்பெனிக்கு மாற்ற முடியாது. பூட்டு ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கோப்புகளின் நகல் ஒன்று உங்கள் கணினியிலோ பென் டிரைவிலோ எப்போதும் இருக்கட்டும்.

ஏற்கெனவே வெப்சைட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். 'ஹூ இஸ்' என்ற தேடல் வசதி இணையத்தில் இலவசம். உங்கள் டொமைன் பெயரைப் போட்டால் பதிந்த தேதியும் காலாவதித் தேதியும் வரும். பதிந்தவர் பெயர் பெரும்பாலும் மறைத்திருப்பார்கள்; அதை உங்கள் ரிஜிஸ்ட்ரார் கணக்கில் நுழைந்து பாருங்கள். அந்தக் கணக்கே உங்களிடம் இல்லை என்றால், அதை வைத்திருப்பவருக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள்; நல்ல உறவில் இருக்கும்போது கேட்டு வாங்குவது சுலபம். காலாவதித் தேதியை, ஒரு மாதம் முன்னாடியே, கடையில் தொங்கும் தினசரி காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.